உயிரணுவின் மெல்லிய சவ்வும் திருவள்ளூர் மக்களும்

1968-ஆம் வருஷம் தொடங்கி மூன்று வருஷ காலம், அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, கைக்குழந்தை முதல் தள்ளாத கிழவர் வரை ஏறக்குறைய மூன்று லட்சத்து அறுபத்தாறாயிரம் பேரைப் பெயர் பெயராகப் பதிவு செய்துகொண்டு, அவர்களில் 2,81,161 பேருக்குப் பி.சி.ஜி. தடுப்பு மருந்தையோ, ஒப்புநோக்குவதற்காக மருந்தற்ற வெறும் திரவத்தையோ ஊசி மூலம் செலுத்தினார்கள். யாருக்கு எது செலுத்தப்பட்டது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், உலக சுகாதார ஸ்தாபனமும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் கூடி மேற்கொண்ட இந்தப் பிரயத்தனம், க்ஷயரோகத் தடுப்பின் சரித்திரத்திலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. வீரராகவப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்று வணங்கி, நோய் தீர வேண்டித் திருக்குளத்தில் வெல்லம் கரைக்கிற ஜனங்கள், உலகத்தாரின் நோய் தீரும் வழியைக் காண்பதற்காகத் தங்கள் கைகளை நீட்டினார்கள். பதினைந்து வருஷங்கள் சுகாதார ஊழியர்கள் அவர்களை விடாமல் தொடர்ந்து சென்று கவனித்தார்கள்.

வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பிரிட்டனில் 1950-இல் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதினரிடம் ஆரம்பித்த பரிசோதனையில் அதே தடுப்பு மருந்து நூற்றுக்கு எண்பது பங்கு அளவில் பாதுகாப்பு அளித்திருக்க, திருவள்ளூரில், ஆரம்பத்தில் கிருமித்தொற்றே இல்லாதவர்கள் என்று திட்டமாகக் கொள்ளப்பட்ட 1,09,873 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அந்த மருந்து சிறிதும் தடுக்கவில்லை என்பது புலனாயிற்று. குழந்தைகளிடத்தில் மாத்திரம் சொற்பமான பயன் தென்பட்டது. 1955-இலேயே பி.சி.ஜி. இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்துச் சிறு பிரசுரம் வெளியிட்ட ராஜாஜியின் வாதம் இதனால் ருசுவாகிவிட்டது என்று எவரேனும் எண்ணினால் அது அவசரப்பட்ட முடிவாகும். ஏனெனில் சிசுக்களைத் தாக்கும் மூளைச் சவ்வுக் காசத்திலிருந்தும், உடம்பெங்கும் பரவும் உக்கிரமான காசத்திலிருந்தும் அது காக்கிறது என்பது வேறு பல ஆராய்ச்சிகளால் ஸ்திரப்பட்ட விஷயம். பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுவதன் காரணமும் அதுவே.

ஆனால் திருவள்ளூர்ப் பரிசோதனை தடுப்பு மருந்தைப் பற்றிச் சொன்னதைக் காட்டிலும், நோயை நிர்ணயிக்கும் வித்தையைப் பற்றிச் சொன்னது ஆழமானது என்பது என் அபிப்பிராயம். டியூபர்குலின் எனப்படும் கிருமிச் சத்தை முன்கைத் தோலுக்குள் செலுத்தினால், அக்கிருமியை முன்பே சந்தித்திருக்கும் உடம்பு இரண்டு மூன்று நாட்களுக்குள் அவ்விடத்தைத் தடிக்கச் செய்கிறது. அந்தத் தடிப்பின் குறுக்களவே தொற்று உண்டா இல்லையா என்பதற்கு அத்தாட்சி. திருவள்ளூரிலோ, மனிதனுக்கு நோய் தராமல் மண்ணிலும் நீரிலும் வாழ்ந்துவரும் க்ஷயக்கிருமியின் தாயாதிகள் ஏராளம். குழந்தைப் பருவம் கழிவதற்குள்ளேயே பெரும்பாலோரின் உடம்பு அவற்றோடு பழகிவிடுகிறது. ஆகவே ஊசி போட்ட இடம் தடிக்கும்போது, அது உண்மையான க்ஷயக்கிருமியை நினைத்துத் தடிக்கிறதா, அந்தத் தாயாதியை நினைத்துத் தடிக்கிறதா, குழந்தையில் போட்ட பி.சி.ஜி.யை நினைத்துத் தடிக்கிறதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. மண்ணிலுள்ள கிருமிகளின் இந்தப் பழக்கமே பி.சி.ஜி.யின் பயனையும் மறைத்துவிட்டது என்று கருதும் விஞ்ஞானிகள் உண்டு.

கிருமியையே கண்ணால் கண்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது அல்லவா என்று கேட்கலாம். 1882-ஆம் வருஷம் மார்ச் 24-ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் க்ஷயக்கிருமியைக் கண்டறிந்து அறிவித்த நாள் முதல் அந்த முயற்சிதான் நடந்து வருகிறது. சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை மலிவானது, விரைவானது. ஆயினும் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தாலொழிய அது கண்ணில் படுவதில்லை. கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று ஆஸ்பத்திரிகளில் புழங்கும் சி.பி.நாட், நம் நாட்டில் உருவாகி 2020-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்ற ட்ரூநாட் ஆகிய யந்திரங்கள், கிருமியின் மரபுப்பொருளையே பெருக்கிக் காட்டி, ரிபாம்பிசின் என்ற பிரதான மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன. இவை மகத்தான சாதனங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் சளியே வராத குழந்தைக்கும், நிணநீர்க் கட்டியிலோ முதுகெலும்பிலோ நோய் மறைந்திருப்பவருக்கும், கிருமியை உள்ளே வைத்துக்கொண்டு பல்லாண்டு நோயின்றி வாழ்பவருக்கும் இவை விடை சொல்வது கடினம். இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைப் பார்த்துக் காசநோயைச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் நாடெங்கும் நடந்த சோதனை வியாபாரம், நோயில்லாதவரை நோயாளியாக்கியும் நோயாளியைச் சுகவாசியாக்கியும் எத்தனையோ குடும்பங்களை வருத்திய பிறகு, 2012-இல் இந்திய அரசாங்கத்தால் தடை செய்யப்பட்டது. சரியான காரியம், ஆனால் வெகு தாமதமான காரியம்.

ஆகவே கிருமியைத் தேடுவதோடு நில்லாமல், அதை எதிர்த்து நிற்கும் நம்முடைய அணுக்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டியதாகிறது. அங்கேதான் சவ்வு என்னும் விஷயம் வருகிறது.

உடம்பின் ஒவ்வோர் அணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு செய்தால் வரும் ஒரு பங்கினும் அதன் கனம் குறைவு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து நிற்க, அவற்றினூடே புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற சித்திரத்தை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் வகுத்துத் தந்தார்கள். கல்லாலான மதிலைப் போல அதை எண்ணிவிடலாகாது. ரசத்தின் மேல் படர்ந்த நெய்யைப் போல அது எப்போதும் அசைந்து, விலகி, கூடிக்கொண்டே இருக்கிறது. அதன் இளக்கத்தையும் இறுக்கத்தையும் நிர்ணயிப்பதில் கொலஸ்டிரால் என்று நாம் அஞ்சும் பொருளுக்கு முக்கியமான பங்குண்டு. வெளியிலிருந்து வரும் கிருமியை இன்னதென்று தொட்டறியும் ஏற்பிகளும், உள்ளே நடக்கும் கலவரத்தை வெளியே தெரிவிக்கும் அடையாளப் புரதங்களும் எல்லாம் இந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன.

கோக் கிருமியைக் கண்ட அதே வருஷத்தின் முடிவில், சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரத்தில் மெட்ச்னிகாஃப் என்ற ருஷ்ய விஞ்ஞானி, நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சு உடம்பில் முள்ளைச் செருகி, அதை நோக்கி அணுக்கள் ஓடிவந்து சூழ்வதைக் கண்டார். நம் நுரையீரலிலும் அத்தகைய விழுங்கணுக்கள் காவல் நிற்கின்றன. மூச்சோடு உள்ளே வரும் க்ஷயக்கிருமியை விழுங்கணு தன் சவ்வினாலேயே அணைத்துச் சூழ்ந்து, ஒரு சிறு பையாக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம் என்னும் இன்னொரு பை அதனோடு ஒட்டிக் கலந்து கிருமியை அழிக்கிறது. சாதாரணக் கிருமிகளின் கதை இத்துடன் முடிந்துவிடும். க்ஷயக்கிருமியின் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது.

1971-இல் லண்டனில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஃபிலிப் டார்ஸி ஹார்ட்டும், உயிருள்ள க்ஷயக்கிருமியை விழுங்கிய அணுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கிருமி இருக்கும் பையோடு லைசோசோம் பை கலக்காமல் விலகியே நிற்பதையும், கிருமி செத்ததாயிருந்தால் தடையின்றிக் கலந்துவிடுவதையும் கண்டார்கள். அதாவது, தன்னைக் கொல்ல வந்தவனின் சவ்வையே கிருமி தனக்கு அரணாக்கிக்கொண்டுவிடுகிறது. அதன் மேலுறையிலுள்ள மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள் விழுங்கணுவின் சவ்வுக்குள் நுழைந்து அதன் இயல்பை மாற்றுகின்றன. கிருமி உள்ளே நுழையும் இடத்தில் சவ்வின் கொலஸ்டிரால் திரள்வதையும், அதை அகற்றிவிட்டால் கிருமியால் நுழைய முடியாமற் போவதையும் 2000-ஆம் வருஷத்தில் ஸ்விட்ஜர்லாந்தின் பாஸல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள்.

டார்ஸி ஹார்ட்டைப் பற்றி இன்னும் சில வார்த்தைகள் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. 1900-இல் பிறந்து 2006-இல் மறைந்த அந்த நெடிய வாழ்வில், வேல்ஸ் தேசத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைத் தூசி எவ்வாறு கெடுக்கிறது என்று ஆராய்ந்தவர் அவர், பி.சி.ஜி.க்கு வெற்றி தேடித்தந்த பிரிட்டிஷ் பரிசோதனையை முன்னின்று நடத்தியவரும் அவர். ஓய்வு பெறும் வயது கடந்த பின்பு, எழுபதாம் பிராயத்தில், அணுவின் சவ்வைப் பற்றிய இந்த உண்மையைக் கண்டார். அவர் தலைமை வகித்த காசநோய் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து சென்னைக்கு வந்தவர்தான் வாலஸ் ஃபாக்ஸ். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தில், வீட்டிலிருந்தபடியே மருந்து உண்ணும் ஏழை நோயாளியும் சானடோரியத்தில் படுத்திருக்கும் நோயாளியும் ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று 193 நோயாளிகளைக் கொண்டு உலகத்துக்கு நிரூபித்த ஆராய்ச்சியை நடத்தியவர் ஃபாக்ஸ். அந்த நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. தூசி, தடுப்பு மருந்து, சவ்வு, சென்னை ஆகிய இவையெல்லாம் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சுற்றி வந்து சேர்வது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

கிருமி பைக்குள்ளேயே ஒடுங்கிக் கிடப்பதுமில்லை. தக்க தருணம் வந்ததும் ஈசாட்-6 முதலிய புரதங்களைச் சுரந்து, பையின் சவ்வைக் கிழித்துக்கொண்டு அணுவின் உள்வெளிக்கு வருகிறது. இந்தப் புரதங்களை உண்டாக்கும் மரபுப் பகுதி பி.சி.ஜி.யில் கிடையாது. கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை பதின்மூன்று வருஷம் மாட்டுக் காசக்கிருமியைத் திரும்பத் திரும்ப வளர்த்துச் சாதுவாக்கியபோது அந்தப் பகுதி உதிர்ந்துபோயிற்று. மண்ணிலும் நீரிலும் வாழும் தாயாதிகளிலும் பெரும்பாலானவற்றில் அது இல்லை. திருவள்ளூரில் 1968-இல் ஊசி போட்டவர்களைக் குழப்பிய அந்தப் பழைய கேள்விக்கு விடை இங்கே இருந்தது! சவ்வைக் கிழிக்கும் அந்தப் புரதங்களையே எடுத்து, ஒருவரின் இரத்தத்திலுள்ள டி-அணுக்கள் என்னும் வெள்ளணுக்களுக்குக் காட்டினால், உண்மையான க்ஷயக்கிருமியை முன்பு சந்தித்த அணுக்கள் மாத்திரம் விழித்தெழுந்து இன்டர்ஃபெரான்-காமா என்னும் பொருளைச் சுரக்கின்றன. இதுவே இக்ரா என்ற இரத்தப் பரிசோதனை. அதே புரதங்களைத் தோலில் செலுத்திப் பார்க்கும் சை-டி.பி. என்ற ஊசியும் இப்போது நம் நாட்டில் உபயோகத்துக்கு வந்திருக்கிறது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவரை இவை தவறாகச் சுட்டுவதில்லை.

ஆனாலும் தொற்று வேறு, நோய் வேறு. கிருமி உள்ளே உறங்குகிறதா, எழுந்து அழித்துக்கொண்டிருக்கிறதா என்பதை இக்ராவும் சை-டி.பி.யும் சொல்வதில்லை. அதைச் சொல்ல விழுங்கணுக்களின், டி-அணுக்களின் மேற்சவ்வையே படிக்க முயல்கிறது இன்றைய ஆராய்ச்சி. அணு அமைதியாயிருக்கும்போது அதன் சவ்வில் காணாத அடையாளங்கள், அது போரில் இறங்கியதும் தோன்றுகின்றன. ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருள்களை அவற்றின்மேல் ஒட்டவைத்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னே ஓடவிட்டு எண்ணுகிற ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற யந்திரம் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. க்ஷயக்கிருமியை அறிந்த டி-அணுக்களின் மேல் எச்.எல்.ஏ.-டி.ஆர்., சி.டி.38 என்னும் இரண்டு அடையாளங்கள் மிகுந்திருந்தால் நோய் கனன்றுகொண்டிருக்கிறது என்றும், சிகிச்சை பலிக்கப் பலிக்க அவை மங்குகின்றன என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. க்ஷயத்துக்கு மாத்திரமல்ல, சாதாரணக் காய்ச்சலுக்கும் இது பொருந்தும்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் சவ்வில் சி.டி.64 என்னும் ஏற்பி சாதாரண நிலையில் அற்பமாகவே இருந்து, பாக்டீரியாத் தொற்று ஏற்பட்ட சில மணி நேரத்தில் பன்மடங்கு பெருகுகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கும் நம் வழக்கத்தைத் தடுக்க இத்தகைய சோதனை மலிவாகக் கிடைத்தால் எவ்வளவு நன்மை! சவ்வைக் கிழிக்கும் வித்தையைத் தடுப்பு மருந்துக்கே கற்பித்துப் பார்க்கும் முயற்சியும் உண்டு; லிஸ்டீரியா என்ற வேறொரு கிருமியின் துளையிடும் புரதத்தைப் பி.சி.ஜி.க்குள் வைத்து பெர்லினில் உருவாக்கிய வி.பி.எம்.1002 என்ற மருந்தை, காச நோயாளிகளின் குடும்பத்தார் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேரைச் சேர்க்கும் பரிசோதனையில் 2019-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்துக்கொண்டது.

இவ்வளவும் எழுதியது திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள கும்மிடிப்பூண்டியை மனத்தில் வைத்துத்தான். சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் சென்று அங்கே இறங்கினால், சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றிலும் இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல. மின்சாரத் தூண்டலால் எரியும் உலைகளின் உட்புறத்தில் படிகக்கல் பொடியை இடித்து இறுக்கி லைனிங் செய்கிறார்கள். சில நாட்கள் உருக்கிய பிறகு அது தேய்ந்ததும், உடைத்தெடுத்துவிட்டுப் புதியதை இடிக்கிறார்கள். உடைக்கும்போதும் இடிக்கும்போதும் எழும் வெண்தூசி சிலிகா. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்துகளை நுரையீரலின் விழுங்கணு கிருமியென்றே எண்ணி விழுங்குகிறது. துகள் லைசோசோமுக்குள் போய்ச் சேர்ந்ததும், அதன் சவ்வோடு உரசி அதைச் சிதைக்கிறது. செரிக்கும் நொதிகள் அணுவுக்குள்ளேயே கசிந்து அணுவைக் கொல்கின்றன. செத்த அணுவிலிருந்து வெளிப்பட்ட அதே துகளை இன்னொரு அணு வந்து விழுங்குகிறது. ஆலிசன், ஹாரிங்டன் முதலியோர் 1966-இலேயே இதை விளக்கிவிட்டார்கள். கிருமி ஒரு பக்கம், துகள் ஒரு பக்கமாக, ஒரே காவலனின் ஒரே சவ்வைத் தாக்குகின்றன. சிலிகாத் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நோய் கண்டவருக்குக் க்ஷயம் பற்றும் அபாயம் மற்றவரினும் பன்மடங்கு அதிகமாவதன் மூலகாரணங்களில் இது ஒன்று. பீடியின் புகையும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். புகைப்பவரைக் காசம் அதிகமாகப் பற்றுவதைத் திருவள்ளூர் ஜில்லாவின் கிராமங்களிலேயே ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, சிலிகாவின் வடுவும் காசத்தின் வடுவும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலவே தோன்றி வைத்தியரை மயக்குகின்றன.

தீவிரமாக முயன்றால் பலன் கிடைக்கும் என்பதற்கும் இந்த ஜில்லாவே சாட்சி. 1999-இல் டாட்ஸ் என்னும் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையைத் திருவள்ளூரின் ஒரு பகுதியில் முறையாக நடத்தி, வீடு வீடாகக் கணக்கெடுத்தபோது, லட்சம் பேருக்கு ஏறக்குறைய 600 ஆக இருந்த காசம் 2004–06 கணக்கெடுப்பில் பாதியாகக் குறைந்தது. அடுத்த கணக்கெடுப்பிலோ மீண்டும் சற்று ஏறி 390-ஐ நெருங்கிற்று. எந்நேரமும் கண்ணை அகற்றாத ஊரில்தான் இந்த நோய் குறைகிறது.

சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய வியாதி என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டமே வகுத்திருந்தது. சிலிகோசிஸ் உள்ளவரை உறங்கும் காசத்துக்காகச் சோதித்து, தடுப்புச் சிகிச்சை தர வேண்டும் என்பது 2021-ஆம் வருஷத்து மத்திய அரசின் வழிகாட்டுதல். சட்டமும் சாஸ்திரமும் இவ்வளவு தெளிவாக இருக்கையில், லைனிங் உடைக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷந்தோறும் எக்ஸ்ரேயும், சை-டி.பி. அல்லது இக்ராவும், இருமல் கண்டால் உடனே சளிக்கு ட்ரூநாட்டும் செய்வது, முகத்துக்கு வடிகட்டி முகமூடியும் தரைக்குத் தண்ணீர்த் தெளிப்பும் தருவதைப் போலவே ஆலையின் கட்டாயக் கடமையாக வேண்டும். அவர்களில் பலர் பீஹாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, சில மாதங்களுக்குப் பின் ஊர் திரும்புகிறவர்கள். நோய் கண்டால் ஆறு மாத மருந்தை ஓரிடத்தில் முடிப்பது அவர்களுக்கு அரிது. நிக்ஷய் என்ற தேசியப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீதி மாதங்களின் மருந்தை அவர்கள் இலவசமாகப் பெறலாம், போஷாக்குக்கான உதவித்தொகையும் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும். இதை அவர்களுக்கு ஹிந்தியிலோ ஒடியாவிலோ நிதானமாக எடுத்துச் சொல்ல ஒருவரையாவது கும்மிடிப்பூண்டி அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக அமர்த்த வேண்டும்.